மாமாவின் வண்டிக்கு வந்த காய்ச்சல்

கல்ஃபிலிருந்து லீவில் வருகிறவனிடம் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டே கேள்விகள்தான் கேட்பார்கள். “எப்ப வந்த?” என்பது முதலாவது. அதற்குப் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் “எப்பப் போற?” என்பது இரண்டாவது. நடுவில் ஒரு சாயா குடிக்கிற இடைவெளிகூட விடமாட்டார்கள். ஏதோ நாம் ஊரில் நிற்கிற ஒவ்வொரு நாளும் அவர்கள் கட்டிலில் படுத்துத் தூங்குவது மாதிரி.

நான் அந்த இரண்டாவது கேள்விக்கு “போகல்ல” என்று பதில் சொல்ல ஆசைப்பட்டவன். கல்யாணம் முடிந்து ஒரு மாதத்தில் துபாய்க்குப் போய், நெடுநாள் கழித்து 2014-ல் லீவுக்கு வந்திருந்தேன். திருவனந்தபுரம் விமான நிலையத்தின் வாசலில் வைத்து என் மனைவி ஷைனியும் அதே கேள்வியைத்தான் கேட்டாள். “எப்பப் போவிய?” ஆனால் அவள் அழுதுகொண்டே கேட்டாள். பெட்டி தள்ளும் வண்டியைப் பிடித்தபடி அங்கேயே தீர்மானித்துவிட்டேன், இனிமேல் இந்தப் பெண்ணை விட்டுப் போகக்கூடாது. ஊரிலேயே ஒரு வொர்க்‌ஷாப் போட்டு உட்கார்ந்துவிட வேண்டியதுதான்.

வொர்க்‌ஷாப்புக்கு இடம்? அதுவும் மனதில் இருந்தது. ஷைனியின் அப்பா சூசை மாமாவுக்குக் கருங்கல்லில் ரோட்டோரமாக ஒரு தகர ஷெட் சும்மா கிடந்தது. மாமாவுக்குக் கடற்கரையில் ஐஸ் பிளாண்ட், மீன் ஏலத்திலும் நல்ல கை. பழைய மீன்பெட்டிகளைப் போட்டுவைக்கிற இடம் அது. ஒரு நாள் மதியம் கஞ்சி குடித்து முடித்து அவர் நல்ல மனநிலையில் இருக்கும்போது மெல்ல ஆரம்பித்தேன்.

“ஷெட்டு சும்மாதானே கெடக்கு மாமா. நான் அதுல ஒரு வொர்க்‌ஷாப் போடலாமான்னு...”

மாமா பல் குத்துவதை நிறுத்தினார். “உனக்கு வண்டி வேல தெரியுமா மக்கா?”

“நாலு வருசமா துபாயில நான் பின்ன என்ன மாமா செய்தேன்?”

(இதில் பொய் ஒன்றும் இல்லை. நாலு வருடமும் பெரிய வொர்க்‌ஷாப்பில்தான் வேலை பார்த்தேன். ஆனால் வீல் அலைன்மென்ட் பிரிவில். வண்டியின் சக்கரம் நேராக நிற்கிறதா, கோணலாக நிற்கிறதா என்று பார்த்துத் திருகுவது மட்டுமே என் தொழில். எஞ்சினை நான் பார்த்ததெல்லாம், மற்றவர்கள் பானெட்டைத் திறந்து வைத்திருக்கும்போது சாப்பாட்டுக்குப் போகிற வழியில்தான். ‘எந்தப் பிரிவு’ என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.)

“அப்பம் செரி” என்றார் மாமா. “எனக்க வண்டிக்கு என்னவோ கேடு. லைட்டு எரியி. சவிட்டுனா இழுக்க மாட்டேங்கு. அதைச் செரியாக்கு. செரியாக்கினா ஷெட்டுக்க தாக்கோல் உனக்கு. இல்லேன்னா மிண்டாம பெட்டியக் கெட்டிப் பிளேனுல ஏறு.”

சவிட்டுவது என்றால் ஆக்ஸிலேட்டரை மிதிப்பது, தாக்கோல் என்றால் சாவி. அந்தத் துருப்பிடித்த சாவியில்தான் என் குடும்ப வாழ்க்கை தொங்கிக்கொண்டிருந்தது.

வண்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். கொச்சியிலிருந்து மாமா வாங்கிவந்த பழைய வெளிநாட்டு டீசல் வண்டி அது. யானை மாதிரி இருக்கும். மனிதர் காலையிலிருந்து மாலைவரை மீனோடு புழங்குகிறவர், ஆனால் அந்த வண்டிக்குள் ஒரு மீன் செதில்கூட விழக்கூடாது. ஏலத்துக்குப் போய்விட்டு வந்தால் வெளியிலேயே கால் கழுவி, வேட்டி மாற்றி, சீட்டில் பேப்பர் விரித்துத்தான் உட்காருவார். ஒருமுறை ஷைனியின் அம்மா பிலோமி மாமி, பேச்சிப்பாறைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது ஒரு பொட்டலம் சாளைக்கருவாட்டை மடியில் வைத்துக்கொண்டு ஏறிவிட்டார். மாமா வண்டியை ஓரமாக நிறுத்தி மாமியையும் கருவாட்டையும் சேர்த்து இறக்கி பஸ்ஸில் அனுப்பிவைத்தார். இது அந்தக் கடற்கரை முழுக்கத் தெரிந்த கதை.

அடுத்த நாளே துபாயிலிருந்து கொண்டுவந்த ஸ்கேனரோடு போய் இறங்கினேன். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகினால் வண்டியின் கம்ப்யூட்டர் தன் குறையைச் செல்போனில் சொல்லும். மாமா, மாமி, ஷைனி எல்லோரும் சுற்றி நின்றார்கள். போனைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினேன். (ஒன்றும் புரியாதபோது புருவத்தைச் சுருக்கவேண்டும். துபாயில் கற்றதில் இன்றுவரை உதவுவது இது ஒன்றுதான்.)

“எக்ஸாஸ்ட் டெம்பரேச்சர் சென்சார்” என்றேன்.

“அப்பிடின்னா?”

“சைலன்சர் குழாய்க்குள்ள பேனா மாதிரி ஒரு கம்பி இருக்கும் மாமா. புகை எவ்வளவு சூடுன்னு பாத்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அது தப்பாச் சொன்னா கம்ப்யூட்டர் பயந்து வண்டிய வேகமாப் போக விடாது.”

“செரி, இப்பம் எவ்வளவு சூடுன்னு சொல்லுகு?”

போனைப் பார்த்தேன். எஞ்சின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

“மைனஸ் நாப்பது மாமா.”

மாமா என்னையும் சைலன்சரையும் மாறிமாறிப் பார்த்தார். “லேய், எனக்க ஐஸ் பிளாண்டுலகூட அவ்வளவு குளுரு கெடையாதே! இது தெரியாம நான் கரண்டுக்குக் கொண்டு கொட்டுகேன். மீனைச் சைலன்சருல வச்சாப் போதுமே!”

ஷைனி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். மாமி மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

சென்சார் போய்விட்டது, புதிதாக மாற்றவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னேன். அந்தச் சாமான் நாகர்கோவிலிலும் இல்லை, திருவனந்தபுரத்திலும் இல்லை. துபாயிலிருந்து லீவுக்கு வந்த நண்பன் ஒருவன் பால்பொடி டப்பாக்களுக்கு நடுவில் சொருகிக் கொண்டுவந்து கொடுத்தான். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினேன். முதலில் குழாயில் வேறொரு சாமானைக் கழற்றிவிட்டேன், எஞ்சின் சூட்டில் கையில் கொப்புளம் வந்தது, கடைசியில் ஒரு போல்ட் மிச்சமாக இருந்தது. (அதைச் சட்டைப்பையில் போட்டு மறைத்தேன்.) ஆனால் லைட் அணைந்தது. வண்டி குதிரை மாதிரி ஓடியது. ஒரு நாள் ஓடியது, மறுநாளும் ஓடியது. மாமா தோவாளை வரைக்கும் போய்ச் செவ்வந்திப்பூ வாங்கிவந்து வீட்டுச் சுரூபத்துக்கு மாலை போட்டார்.

“மருமவனே, நீ கொள்ளாம்!” என்று என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார். அந்த அடி இன்னும் எனக்கு இனிக்கிறது.

அன்றைக்கே பங்குச்சாமியைப் பார்த்து, வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஷெட்டை மந்திரிக்க வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டோம். தீர்த்தம் தெளித்து முடித்ததும் மாமா கையால் தாக்கோல் தருவதாகப் பேச்சு. நான் உடனே போய் ஒரு ஃபிளெக்ஸ் அடித்தேன். கூலிங்கிளாஸ் போட்ட என் படம், பக்கத்தில் என்னைவிடச் சின்னதாக ஒரு விமானம். கீழே ‘டீசல் எஞ்சின் கோளாறா? கண்டுபிடிப்பதில் கில்லாடி!’ என்று கொட்டை எழுத்து. அந்த ஃபிளெக்ஸ் பிற்பாடு எங்கள் வீட்டு விறகுப்புரைக்குக் கூரையாகி, என் முகத்தின்மேல் நாலு மழைக்காலம் பெய்தது என்பது வேறு கதை.

நான் கவனிக்காமல் விட்டது ஒன்று உண்டு. வண்டி குதிரை மாதிரி ஓடிய அந்த நாட்களில் மாமி வீட்டில் இல்லை. தியானத்துக்குப் போயிருந்தார்.

மாமி திரும்பி வந்த மறுநாளே லைட் எரிந்தது.

மாமா போன் பண்ணினார். “கில்லாடி, வந்து பாரு” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஓடினேன். ஸ்கேனரைச் சொருகினேன். பழைய மைனஸ் நாற்பது. ஆட்டிப் பார்த்தால் நூறு. விட்டால் மறுபடி மைனஸ் நாற்பது. அன்று தொடங்கிய என் ஆராய்ச்சியை நினைத்தால் இப்போதும் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்ளத் தோன்றுகிறது. ஏனென்றால் தடயம் எல்லாமே என் கண் முன்னால், மூக்கு முன்னால் கிடந்தது. எல்லாவற்றையும் நான் பார்த்தேன். பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கமும் வைத்திருந்தேன்.

முதலில் பூனைகள். அந்தத் தெருவில் உள்ள பூனையெல்லாம் மாமாவின் வண்டிக்கு அடியில் வந்து படுத்தன. வேறு எந்த வண்டிக்கும் இந்த மரியாதை இல்லை. நான் குனிந்து பூனைகளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து சொன்னேன். “மாமா, பூனை சூடு உள்ள இடத்துலதான் படுக்கும். அப்பம் சைலன்சர்ல சூடு ரொம்ப அதிகம். சென்சார் குளிருன்னு சொல்லுது, பூனை சூடுன்னு சொல்லுது.”

“அப்பம் நான் யார நம்பணும்?”

“பூனையத்தான் மாமா.”

அடுத்தது, சென்சார் ஒயரைச் செருகுகிற கப்ளரில் வெள்ளையாகப் பொடிப்பொடியாக ஏதோ படிந்திருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு! துள்ளிக் குதித்தேன். கடற்கரை வீடு, எடவப்பாதி மழைக்காலம், உப்புக் காற்று. கண்டுபிடித்துவிட்டேன்! துடைத்து, மழைக்கோட்டை வெட்டி, கப்ளருக்கு ஒரு பிளாஸ்டிக் பை தைத்து இறுக்கிக் கட்டினேன். கோளாறு இரண்டு மடங்கானது. (மேலிருந்து சொட்டிய உப்புத் தண்ணீர் முன்பெல்லாம் கப்ளர்மேல் பட்டு வழிந்து போய்க்கொண்டிருந்தது. நான் கட்டிய பையில் இப்போது தேங்கி நின்றது.)

பேட்டரி பக்கத்தில் ஒருநாள் ஒரு நெத்திலித் தலை கிடந்தது. எங்கள் ஊரில் நெத்தோலி என்போம், விரல் நீளத்துப் பொடிமீன். அந்தத் தலையைக் கையில் எடுத்து, “பாவம், பூனை கொண்டு போட்டிருக்கும்” என்று தூர எறிந்தேன். குற்றவாளி கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததைக் கசக்கி எறிந்த துப்பறிவாளன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அப்புறம் அந்த மணம். ஏ.சி. போட்டால் வண்டிக்குள் கருவாடு மணந்தது. மாமாவுக்குப் பிறந்ததிலிருந்தே மூக்கைச் சுற்றி மீன்தான், அதனால் அவருக்கு ஒன்றும் தெரியாது. ஷைனிதான் கேட்டாள்.

“அத்தான், கருவாடு சுட்ட மாதிரி மணக்கில்லியா?”

“அது டீசல் கரி எரியிற மணம். புகைக்குழாய்ல சேர்ந்த கரியை வண்டி தானே எரிக்கும். சென்சார் கெட்டா இப்பிடித்தான் மணக்கும்.”

“கருவாடு மாதிரியேவா?”

“டீசலே பழங்காலத்து மீனெல்லாம் மண்ணுக்குள்ள கெடந்து அழுகினதுதான் ஷைனி. படிச்சதில்லியா?”

அவள் பி.எஸ்ஸி. வேதியியல். ஜன்னலைத் திறந்துகொண்டாள்.

இதற்கு நடுவில் என்னுடைய சாரம் வேறு காணாமல் போனது. துபாயில் ஆசைப்பட்டு வாங்கிய ஊதா நிறக் கட்டம் போட்ட சாரம். (லுங்கியை நாங்கள் சாரம் என்போம்.) மாமா வீட்டுக் கொடியில் காயப்போட்டதுதான், பிறகு ஆளில்லை. யார் எடுத்தார்கள் என்று மாமியிடம் கேட்டேன். “காத்துக்குப் பறந்திருக்கும் மக்கா” என்றார், என் முகத்தைப் பார்க்காமல். மாமிக்கு என்மேல் பாசம் அதிகம். மதியத்துக்கு மேல் நான் வண்டியைப் பார்க்கப் போகும்போதெல்லாம் என் பைக் சத்தம் கேட்டதும் அடுக்களையிலிருந்து ஓடிவந்து வண்டி பக்கத்தில் நின்றிருப்பார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு. மருமகனை வரவேற்க இப்படி ஓடிவருகிற மாமியார் யாருக்கு வாய்க்கும் என்று ஷைனியிடம் பெருமையடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நெருங்கியது. லைட் ஒருநாள் அணையும், ஒருநாள் எரியும். மாமா கடைசியாகச் சொல்லிவிட்டார். “சாமிய இந்த வண்டியிலதான் கருங்கல்லுக்குக் கூட்டிட்டுப் போறோம். வழியில லைட்டு எரியாமப் போய்ச் சேந்தா தாக்கோல் உனக்கு. எரிஞ்சா திங்கக்கெழம டிக்கெட்டு போடு.”

சனிக்கிழமை முழுக்க வண்டி அடியில் கிடந்தேன். எல்லாக் கப்ளரையும் கழற்றிக் காயவைத்து மாட்டினேன். சாயங்காலம் லைட் அணைந்தது. ஷைனி வந்து, என் கையிலிருந்த கரியைத் தன் முந்தானையில் துடைத்துவிட்டு, “எரியாது அத்தான், நான் செபமாலை சொல்லியிருக்கேன்” என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வீல் அலைன்மென்ட் என்று அப்போதாவது அவளிடம் சொல்லியிருக்கலாம்.

ஞாயிறு காலை மாமா வழக்கம்போல விடியுமுன்னே ஏலத்துக்குப் போய்விட்டு வந்தார். வண்டியை முற்றத்தில் நிறுத்திவிட்டுக் குளிக்கப் போனார். பூசை முடிந்து ஒன்பதரைக்குத்தான் புறப்பாடு என்று பேசியிருந்தோம். ஆனால் சாமிக்கு அதற்குப் பின்னால் வேறு ஒரு மந்திரிப்பு வந்துவிட்டதால், பூசை முடிந்த கையோடு அவர் நேரே மாமா வீட்டு முற்றத்தில் வந்து நின்றார். மாமா ஈரத்தலையோடு ஓடிவந்தார். “ஏறுங்க, ஏறுங்க, சாமிக்கு நேரமில்ல!”

மாமியின் முகம் வெளுத்தது. “இஞ்சேருங்க, ஒரு அஞ்சு நிமிசம். வண்டிய... வண்டிய ஒண்ணு துடச்சிட்டு...”

“நேத்து இவன் ஒரு பகல் பூரா தொடச்சாச்சு. ஏறுட்டி!”

மாமி பானெட்டைப் பார்த்தார், சாமியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். பிறகு ஏறி எனக்கும் ஷைனிக்கும் நடுவில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு சத்தமாகச் செபமாலை சொல்ல ஆரம்பித்தார். எனக்காக இப்படி உருகிச் செபிக்கிறாரே என்று அவர் கையை ஆறுதலாகத் தட்டிக்கொடுத்தேன். கை ஐஸ் மாதிரி இருந்தது.

கொஞ்ச தூரம் வண்டி ஜோராகப் போனது. முன்சீட்டில் இருந்த சாமி மூக்கை உறிஞ்சினார்.

“யாரோ வீட்டுல கருவாடு சுடுறாங்கபோல.”

“ஆமா சாமி” என்றாள் ஷைனி. அடுத்த ஊர் வந்தது. அங்கேயும் யாரோ வீட்டில் கருவாடு சுட்டார்கள். அதற்கடுத்த ஊரில் ரோட்டின் இரண்டு பக்கமும் ரப்பர்த் தோட்டம், ஒரு வீடுகூட இல்லை. அங்கேயும் சுட்டார்கள். சாமி திரும்பி எங்களைப் பார்த்தார்.

“ஃபாதர், அது டீசல் கரி” என்று ஆரம்பித்தேன். மாமி “இப்போதும் எங்கள் மரண நேரத்திலும்” என்று அலறினார். அதே நேரம் லைட் எரிந்தது.

கருங்கல்லுக்கு முன்னால் ஒரு ஏற்றம் உண்டு. வண்டி அதில் ஏறிய லட்சணத்தைச் சொல்ல முடியாது. மாமா சவிட்டுகிறார், வண்டி முனகுகிறது. ஒரு ஆட்டோ எங்களைத் தாண்டிப் போனது. மரச்சீனிக் கிழங்கு கட்டிய ஒரு சைக்கிள் தாண்டிப் போனது, அதுவும் ஆள் இறங்கித் தள்ளிக்கொண்டு போன சைக்கிள். கடைசியில் ஒரு சாயக்கடை முன்னால் மாமா வண்டியை நிறுத்தினார். அங்கிருந்து பார்த்தாலே ஷெட்டும், அதன் உச்சியில் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு நானும் தெரிந்தோம்.

“எறங்குடே கில்லாடி” என்றார் மாமா. “தொறந்து காட்டு.”

சாயக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு எழுந்து வந்தார்கள். ஃபிளெக்ஸையும் என்னையும் மாறிமாறிப் பார்த்து, ஆள் அதுதான் என்று உறுதிசெய்துகொண்டார்கள். நான் ஸ்கேனரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, பானெட்டைத் தூக்கினேன்.

குப்பென்று ஆவி. ஆவி விலகியதும் பார்த்தால், எக்ஸாஸ்ட் டெம்பரேச்சர் சென்சாரின் ஒயரில், தொட்டில் கட்டியது மாதிரி, ஒரு துணிமூட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அடியிலிருந்து கப்ளர்மேல் சொட்டுச் சொட்டாக உப்புத் தண்ணீர். பாரம் தாங்காமல் கப்ளர் பாதி கழன்று வாயைப் பிளந்திருந்தது. ஊதா நிறத் துணி. கட்டம் போட்டது.

“அத்தான், உங்க சாரம்!” என்றாள் ஷைனி. அவளுக்கு என் சாமான்மேல் அவ்வளவு கவனம்.

மாமா மூட்டையை அவிழ்த்தார். உள்ளே நெத்தோலி. பொன்னிறமாக, மொறுமொறுவென்று காய்ந்த நெத்தோலிக் கருவாடு. கூட்டத்தில் ஒருவன், “துபாய் டெக்னிக்காக்கும்” என்றான்.

“மருமவனே” என்றார் மாமா. “எனக்க வண்டிக்குள்ள... உனக்க சாரத்துல... கருவாடா?”

திரும்பினேன். மாமி செபமாலையை வாயில் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். பைக் சத்தம் கேட்டதும் ஓடிவந்தது, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றது, நெத்தோலித் தலை, உப்பு, பூனை, தியானம் எல்லாம் ஒரே நொடியில் எனக்குள் வரிசையில் வந்து நின்றன. கோளாறைக் கடைசியில் கண்டுபிடித்துவிட்டேன். ஆனால் எப்படிச் சொல்வது? கருவாட்டுப் பொட்டலத்துக்கே பொண்டாட்டியை நடுரோட்டில் இறக்கிவிட்ட மனிதர்.

“ஆமா மாமா” என்றேன். “நான்தான் வச்சேன். இது ஒரு... டெஸ்ட். சூடு எவ்வளவுன்னு பாக்க. நெத்தோலி காஞ்சா நூறு டிகிரி. கரிஞ்சா இருநூறு.”

சாமி சிலுவை போட்டுக்கொண்டார். அது என் மூளைக்காக என்று நினைக்கிறேன்.

மாமா மூட்டையைத் தூக்கி எறியக் கையை ஓங்கினார். அப்போதுதான் மாமி பாய்ந்து அவர் கையைப் பிடித்தார்.

“எறியாதிங்க! அவன் வைக்கல்ல. நாந்தான் வச்சேன்.” மாமிக்கு அழுகை வெடித்தது. “பிள்ள அந்தப் பாலைவனத்துல கெடந்து என்னத்தத் திங்கான்? குப்பூசு ரொட்டியும் தயிரும். போவும்போ ஒரு பாக்கெட்டு நெத்தோலியாச்சும் குடுத்து விடண்டாமா? எடவப்பாதியில வெயிலு எங்க அடிக்கி? நீங்க ஏலத்துக்குப் போய்ட்டு வந்தா வண்டி அடுப்பு மாதிரி கெடக்கு. முதல்ல அரிசி புடைக்கிற சொளவுலதான் வச்சேன். மழையில பானெட்ட அடைக்கணும்னா சொளவு கொள்ளல்ல. ஒயரு நல்ல கொடி மாதிரி இருந்துது, கெட்டித் தொங்கவிட்டேன். வேற துணியில கெட்டினா ஈ வருகு, இது நல்ல துபாய்த் துணி.”

மாமா வாயைப் பிளந்தார். “ஏட்டி! அவன் போவண்டாம்னுதானே நான் ஷெட்டு குடுக்கேன்னு சொன்னேன்! அப்புறம் எதுக்கு அவனுக்குக் கருவாடு காயப்போட்ட?”

“வண்டியச் செரியாக்கினாத்தானே குடுப்பேன்னு சொன்னீங்க?”

“ஆமா.”

மாமி முந்தானையால் மூக்கைத் துடைத்தார். என்னைப் பாசத்தோடு பார்த்தார்.

“அண்ணைக்கி இவன் அந்தப் போனப் பாத்து முழிச்ச முழியப் பாத்தேன். பாவம், எனக்க பிள்ளைக்கி ஒண்ணும் தெரியாதுன்னு அப்பமே எனக்கு மனசிலாச்சு. எப்பிடியும் துபாய்க்குத்தான் போவான்னு மறுநாளே நெத்தோலி வாங்கிட்டேன்.”

கருங்கல் ஏற்றத்தில், பங்குச்சாமி முன்னிலையில், சாயக்கடைக் கூட்டத்தின் நடுவில், என் ஃபிளெக்ஸுக்கு எதிரில் இந்தச் சாட்சியம் நடந்தது. அந்தச் சிரிப்பு அடங்க ரொம்ப நேரமானது. கடைக்காரர் தூக்கி ஆற்றிக்கொண்டிருந்த சாயாவைத் தலையில் கொட்டிக்கொண்டார்.

மாமி நெத்தோலி வாங்கியதே மறுநாள்தான் என்றால், அதற்கு முன்னால் எரிந்த லைட்? அது உண்மையாகவே பழைய சென்சார் கெட்டுப்போனதால் எரிந்தது. ஆக, நான் முதல் நாள் சொன்ன தீர்ப்பு சரி! அதை அங்கேயே விளக்கப் பார்த்தேன். ஒருவரும் கேட்கத் தயாராக இல்லை. இன்றுவரை கேட்கவில்லை.

மாமா ஒரு நெத்தோலியை எடுத்து எறியப் போனவர், பழக்கதோஷத்தில் வாயில் போட்டார். கடித்தார். முகம் மாறியது. இன்னொன்றை எடுத்தார்.

“பிலோமி, இது என்ன பதம்? இப்பிடி ஒரு காய்ச்சல் நான் வெயிலுல கண்டதில்லியே!” சாமிக்கும் ஒரு பிடி நீட்டினார். சாமி மென்றுகொண்டே, “கரிஞ்ச மணமே இல்ல” என்றார். கூட்டமும் கை நீட்டியது. என் கண் முன்னால் எனக்கான பாக்கெட் காலியாகிக்கொண்டிருந்தது.

நான் கப்ளரைத் துடைத்து, அழுத்தினேன். ‘டக்’ என்று மாட்டியது. ஸ்கேனரில் பழைய குறையை அழித்தேன். லைட் அணைந்தது. வண்டி ஏற்றத்தில் சும்மா பறந்தது. ஷெட் முன்னால் நின்றதும் மாமா தாக்கோலைக் கையில் எடுத்தார், கொடுக்காமல் யோசித்தார்.

“லைட்டு எரிஞ்சாச்சு. அதனால உனக்குத் தரமாட்டேன். சொன்னாச் சொன்னதுதான்.”

ஷைனி என் கையை இறுக்கிப் பிடித்தாள். மாமா திரும்பி, தாக்கோலை மாமியின் கையில் வைத்தார்.

“இனி எனக்க வண்டியத் தொடாத. உனக்க கருவாட்ட இஞ்ச காயப்போடு.”

மாமி தாக்கோலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “ஒத்தைக்கு நான் எப்பிடிப் பாப்பேன்? மழையில காயவைக்க எனக்கொரு சூட்டுப்பெட்டி வேணும். மக்கா, செய்வியா? சக்கரத்தத் தவிர வேற என்ன தெரியும் உனக்கு?”

சக்கரம் மட்டும்தான் தெரியும் என்று மாமிக்கு எப்படித் தெரிந்தது என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

செய்தேன். ஷெட்டின் முன்பாதியில் வீல் அலைன்மென்ட், பின்பாதியில் மாமியின் கருவாடு. மாமாவின் வண்டியிலிருந்து உருவிய பழைய சென்சார் கெட்டது என்பதால், அதே மாதிரி இன்னொன்றை வரவழைத்துச் சூட்டுப்பெட்டிக்குள் பொருத்தினேன். டீசல் புகையின் நெருப்பை அளக்கப் பிறந்த சாமான் கருங்கல்லில் நெத்தோலியின் இளஞ்சூட்டை அளந்துகொண்டு நிற்கிறது. மாமி அதை நம்புவதில்லை, கையை உள்ளே விட்டுத்தான் பார்ப்பார். எங்கள் வீட்டில் யாருக்காவது உடம்பு சுட்டால், தெர்மாமீட்டரைத் தேடுவதற்கு முன்னால் என் மகள் கேட்கிற கேள்வி, “பானெட்டத் தொறந்து பாத்தியளா?”

இப்போதும் லீவில் வருகிறவர்கள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால், ஷெட்டுப் பூனைகள் எழுந்து வழிவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும். நான் அவர்களிடம், “எப்ப வந்த? எப்பப் போற?” என்று கேட்பேன். என்னிடம் அந்தக் கேள்வியை ஊரில் யாரும் கேட்பதில்லை. என்னைப் பார்த்தால் அவர்கள் கேட்பது ஒன்றுதான்.

“நெத்தோலி காஞ்சாச்சா?”